எடைக்கு வாங்கிய பெயர்

மூன்று மாதமாக அவள் வெறும் ‘அவள்’தான்.
வயது பத்தொன்பது. வருடம் அறுபத்தொன்று.
காலை ஏழே காலுக்கு, கொருக்குப்பேட்டை கேட் இறங்குகிற நேரம்,
குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்துவிடுகிறாள்.
தூக்குவாளியில் பழையது, மூடிமேல் நாலு நெத்திலி.
பிஸ்கட் கம்பெனியில் டின் மூடுகிற வேலை.
எல்லாம் தெரியும் எனக்கு,
இடது செருப்பின் வார் எந்த வாரம் அறுந்தது என்பதுவரை.
கூப்பிடத்தான் தெரியவில்லை.

தமயந்தி என்று வைத்துப் பார்த்தேன்.
உடனே கண்ணாடி முன் உட்கார்ந்துவிட்டாள், வேலைக்குப் போகவில்லை.
கனகவல்லி: பெயரிலேயே நாலு சவரன்,
மின்ட் தெரு அடகுக்கடைகளைத் தாண்டவே முடியாது.
எத்திராஜம்மாளுக்குக் குனிய வரவில்லை.
கேட் தூக்கும்வரை நின்றாள், எனக்கு இரண்டு பக்கம் வீண்.
பிலோமினா நன்றாகத்தான் ஓடினாள்.
ஞாயிற்றுக்கிழமை அத்தியாயத்தில்
ராயபுரம் மாதா கோயிலுக்கு நேராகப் போய்
என் கதை முழுவதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாள்.
மைமூன், குணபூஷணம், ரோசலி,
ரங்கூன் கப்பலில் வந்த ஒரு சிவபாக்கியம்,
ஒவ்வொருத்தியும் ஒரு வாரம் தங்கி, வாடகை தராமல் போனாள்.

பழைய பெயர்தான் அழகு என்கிறார்கள் இப்போது.
பதிப்பாளர்கூடப் போனில்,
“ரெட்ரோவா ஒண்ணு போடுங்க மேடம், அட்டைக்கு எடுப்பா இருக்கும்.”

அதற்காகத்தான் மூலக்கொத்தளத்தில்
சிகாமணியின் காயலாங்கடைக்குப் போனது.
வயிற்றில் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டிய பெண்கள்
ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து கிடந்தார்கள்.
‘கோகிலாம்பால்’ என்றொரு தம்ளர்,
பாலுக்கென்றே செய்தது போல.
‘சவுந்திரம், மஞ்சநீராட்டு அன்பளிப்பு’ என்றொரு தட்டு,
அன்பளித்தவன் பெயர்தான் அதில் பெரிசு.
“படிக்க வந்தியா, வாங்க வந்தியா?
பேர் போட்டதுன்னா கிலோவுக்குப் பத்து ரூவா கம்மியாத்தான் எடுப்பேன்.
உருக்கினா எல்லாம் ஒரே கொழம்பு.”

அப்புறம் அந்தப் பித்தளைக் குடம்.
கழுத்துக்குக் கீழே, நல்ல கை, கோடு போட்ட மாதிரி வரி:
வேண்டா. 7-6-61.

துள்ளிவிட்டேன்.
மூன்றே எழுத்து, இழுத்துக் கூப்பிட முடிவில் ஓர் ஆகாரம்.
கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினால்
கூட்ஸ் வண்டியையும் மீறிக் கேட்கும்.
வருடம்கூட அதே வருடம்.
நோட்டை எடுத்து எழுதியும்விட்டேன்.
எழுதி முடித்தபின்தான் படித்தேன்.

நாலாவதா, அஞ்சாவதா,
எத்தனை பெண்ணுக்குப் பின்னால் பிறந்தாள்.
யாரோ பெருமூச்சில் சொன்னதை
ஒருவன் கூலி வாங்கிக்கொண்டு தட்டியிருக்கிறான்,
எழுத்தெழுத்தாக, பிழையில்லாமல்.
சீர்வரிசையில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.
அதை இடுப்பில் ஏற்றி, தினம்,
தெருக்குழாய் வரிசையில் அவளும் நின்றிருக்கிறாள்.

ஓட்டை இருக்கிறதா என்று குடத்தைக் கவிழ்த்தேன்.
அடியில், புளி போட்டுத் தேய்க்கிறவள் மட்டும் பார்க்கிற இடத்தில்,
ஆணியால் கீறிய கோணல் எழுத்து.
முதலில் ‘ம’. கடைசியில் ‘தி’யோ ‘ரி’யோ.
நடுவில் பெரிய சொட்டை.
வெட்டியவன் கை இல்லை இது.
குடம் காயும்போது மட்டும்
வானம் பார்த்த பெயர்.

மூன்று கிலோ நூறு கிராம்.
மேலே இருந்ததைப் பார்த்துப் பேரம் படிந்தது,
கீழே இருந்ததைச் சிகாமணியிடம் நான் காட்டவில்லை.

நோட்டில் எழுதியதை அடிக்கவும் இல்லை.
இன்று காலை போர்மேன் பதிவேட்டைப் பார்த்து
“வேண்டா” என்கிறான்.
டின் மூடுகிறவள் கை நிற்கவில்லை.
மறுபடியும் கூப்பிடுகிறான்.
டப், டப், மூடிக்குப் பின் மூடி.

நான் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி:
மதுமதி?
மஞ்சரி?
மனோகரி?

எதற்கும் தலை திரும்பவில்லை.
ஆனால் இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ
ஒரு மூடி
கொஞ்சம் தாமதமாக விழுந்தது.